இருபத்துநான்கு யோயோவும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்

தண்ணீர்த் தாங்கி வேண்டும் என்று நிறஞ்சலா மூன்று கடிதம் எழுதினாள். வந்து இறங்கியது யோயோ.

இதைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சங்குமுனையில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மன்னார்த் தீவின் வடகரையில், பனைக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற அந்த ஊரில் அப்போது நாற்பத்தொரு குடும்பம். எல்லாரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள். ஊரில் ஏழு கிணறு இருக்கிறது, ஏழும் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு கிலோமீற்றர் மணலில் நடந்து ஒரு தென்னந்தோட்டத்துக் கிணற்றுக்குப் போகவேண்டும். ஒரு கிணறு, ஒரு கப்பி, ஒரு கயிறு. விடியப் போனால் வரிசை.

ஒருத்தி வரிசையில் நிற்க இன்னொருத்தி சுமந்தால்தான் நான்கு கலன் வீடு சேரும். இடத்தை விட்டால் அடுத்த முறை மத்தியானம்தான். நிறஞ்சலாவின் கணவன் இராசேந்திரம் அந்த நேரத்தில் அடுத்தவனுடைய படகில் கடலில் இருப்பான். ஆகவே வரிசையில் நிற்பது அவர்களுடைய பதினொரு வயது மகள் சோபனாவின் வேலை. பள்ளிக்கூடத்தில் முதற்பாடம் கணக்கு. கிழமையில் நான்கு நாள் சோபனா போய்ச் சேர்கிறபோது கணக்கு முடிந்திருக்கும். வருகை இடாப்பில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழும். தண்ணீர் எடுக்கப் போன பிள்ளைக்குச் சிவப்புக் கோடு. தண்ணீர் கொடுக்காதவர்களுக்குக் கோடு போட இடாப்பே கிடையாது.

நிறஞ்சலாவுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஊருக்குள் ஒரு தாங்கி, அதை நிரப்பத் தண்ணீர் கொண்டுவருகிற ஒரு பவுசர், மகளுக்கு முதற்பாடம்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு பதினொரு வயதில், தகப்பனுடைய வள்ளத்தில், ஒரு பாயும் ஒரு சட்டியுமாக இராமேஸ்வரம் போய் இறங்கியவள். பிறகு மண்டபம் முகாம். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்றாள். இராமநாதபுரத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றில் கூட்டிப் பெருக்கப் போனாள். சில மாதத்தில் பேரிங் கழுவ விட்டார்கள். ஆறு வருடம் கழுவினாள். ஒரு பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றிக் காதுக்குக் கிட்டப் பிடித்தால், எது செத்தது, எது கழுவினால் பிழைக்கும் என்று சொல்லிவிடுவாள். முகாமில் தலை எண்ணுகிற நாள்களில் மட்டும் கடைக்குப் போகமுடியாது. அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு திருச்சியிலிருந்து விமானத்தில் திரும்பி வந்தாள். முகாமில் அவள் பேச்சைக் கேட்டுச் 'சிலோன்காரி' என்றார்கள். ஊரில் 'இந்தியாக்காரி' என்கிறார்கள்.

ஊருக்கு வந்த 'புன்னகைப் பாலம்' என்ற தொண்டு நிறுவனம் ஒரு தகரக் கொட்டில் போட்டுச் சிறுவர் நிலையம் என்று பெயர் எழுதியது. நிறஞ்சலாவுக்கு எழுத்து வரும் என்பதால் அதற்கு அவளைப் பொறுப்பாக வைத்தார்கள். அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டுதான் அவள் நிறுவனத்துக்கு மூன்று கடிதமும் எழுதினாள். அதற்கு நான்காம் மாதம் நிறுவனத்தின் வெளிக்கள அலுவலர் சுபாஜினி ஸ்கூட்டியில் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். மன்னார்ப் பட்டணத்தைச் சேர்ந்தவள். நல்லவள்தான், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவள். பெட்டிக்குள் பஞ்சு சுற்றி இருபத்துநான்கு அலுமினிய யோயோ. நடுவில் பேரிங் வைத்த உயர்ந்த சாதி. ஏதோ ஒரு நாட்டின் யோயோச் சங்கம் அன்பளிப்பாக அனுப்பியிருந்தது.

பக்கத்து வீட்டு மீனவர் பஸ்ரியன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது, மூக்குப்பொடி டப்பியோ?"

"யோயோ மாமா. பிள்ளையள் விளையாடுற சாமான்," என்றாள் சுபாஜினி.

"நாங்கள் கேட்ட தாங்கி இதுக்குள்ளயோ இருக்குது?"

"பகிடி விடாதேங்கோ மாமா. இது முதலாம் கட்டம், பிள்ளையளின்ர மன ஆறுதலுக்கு. ரெண்டாம் கட்டத்தில தாங்கி இருக்குது. நானே படிவத்தில எழுதினனான்."

"ரெண்டாம் கட்டம் எப்ப?" என்று கேட்டாள் நிறஞ்சலா.

"மூண்டு மாதத்தில கொழும்பில இருந்து மதிப்பீட்டுக்கு ஒரு சேர் வருவார். பிள்ளையள் சந்தோசமா யோயோ சுத்துறதை வீடியோ எடுப்பார். அது வடிவா வந்தால் ரெண்டாம் கட்டம் வரும்."

"அப்ப யோயோ சுத்தாட்டில் தண்ணி இல்லை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா."

"வேற எப்பிடிச் சொல்லுறது தங்கச்சி? நீங்கள் சொன்னதைத்தானே சொல்லுறன்."

சுபாஜினி கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று கிழமையில் இருபத்துநான்கும் சுழல மறுத்தன. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வடகரைக் காற்றில் உப்பு இருக்கிறது, மணல் இருக்கிறது. கதவுப் பிணைச்சல் ஒரு வருடத்தில் துருப்பிடித்துப் போய்விடுகிற ஊரில் கடுகளவுக் குண்டுகள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஆனால் கடற்காற்றைவிடக் கூடுதலாக ஊரவர்களே கெடுத்திருந்தார்கள்.

அந்தக் கரையில் பழுதாகும் என்று தோன்றுகிற எதற்கும் சுறா எண்ணெய் பூசுவார்கள். சுறாவின் ஈரலை உருக்கி எடுக்கிற எண்ணெய், தடிப்பு, மணம் ஊரைத் தூக்கும். வள்ளத்துப் பலகைக்கு அதைப் பூசினால் மரம் உளுக்காது. பஸ்ரியன் தன் வள்ளத்துக்குப் பூசுகிறபோது பிள்ளைகள் யோயோவைக் கொண்டுபோய் நீட்டினார்கள். அவரும் பெரிய மனதோடு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டார். எண்ணெய் மணலைப் பிடித்தது. மணலும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே களிமண்ணாயிற்று.

அவர் மனைவி மார்த்தாவின் வைத்தியம் வேறு. கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் எரிகிற விளக்கின் எண்ணெயைச் சிறு போத்தலில் கொண்டுவந்து, சிலுவை அடையாளம் போட்டு, எட்டு யோயோவுக்குத் துளி துளியாக விட்டாள். தேங்காயெண்ணெய் வெயிலில் நாள்பட்டால் பிசினாகும். கடையில் வாங்கினாலும் பிசினாகும், சுரூபத்தின் காலடியில் எடுத்தாலும் பிசினாகும். பிசினுக்குப் பக்தி தெரியாது.

"ஆர் இதுக்குள்ள எண்ணெய் விடச் சொன்னது?" என்று நிறஞ்சலா கத்தினாள்.

"இரும்பெண்டால் எண்ணெய் விடத்தானே வேணும்," என்றார் பஸ்ரியன். "உங்கட இந்தியாவில தண்ணி விடுறவையோ?"

"மாமா, இது வள்ளம் இல்லை!"

"சுத்தாட்டில் விடு. பிள்ளையளுக்குப் பட்டம் கட்டிக் குடுக்கிறன்."

"பட்டத்தைப் பாத்துத் தாங்கி தரமாட்டினமாம்."

பஸ்ரியன் கையிலிருந்த யோயோவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். அவருடைய வீட்டிலும் மார்த்தாதான் கலன் சுமக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை நிறஞ்சலா கொட்டிலில் கணவனுடைய பழைய சாரம் ஒன்றை விரித்து உட்கார்ந்தாள். யோயோவின் இரண்டு பாதியையும் எதிரெதிராக முறுக்கினால் கழன்று வரும். நடுவில் அச்சு, அச்சில் பேரிங், பேரிங்கைச் சுற்றி நூல். நூலை எடுத்துவிட்டுப் பேரிங்கை மெல்ல அசைத்து அசைத்து உருவவேண்டும். குறட்டால் நெரித்தால் வளையம் கோணும். பிறகு பக்கத்து மூடி. அதைப் பிடித்திருப்பது மயிரளவு கம்பி வளையம் ஒன்று. அதன் நுனியை ஊசியால் கிளப்பினால் துள்ளிப் பறக்கும். பறந்தால் மணலில் தேடிக் கிடைக்காது. ஆகவே சாரத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையைச் சுற்றிக் கூடாரம் போலப் பிடித்துக்கொண்டு கிளப்பினாள்.

ஜாம் போத்தலில் பெற்றோல் ஊற்றிப் பேரிங்குகளைப் போட்டுக் குலுக்கினாள். முதற் பெற்றோல் கறுத்தது. இரண்டாவது பழுப்பாயிற்று. மூன்றாவதுதான் தெளிந்து நின்றது. ஒவ்வொன்றையும் துணியில் தட்டி, நிழலில் காயவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் மறுநாளே துரு பிடிக்கும் என்று கடையில் பட்டு அறிந்தவள். கடைசியில் பென்சில் நுனியில் மாட்டிச் சுண்டிக் காதில் வைத்தாள். கரகரத்தால் திரும்பவும் போத்தலுக்குள். சீரான சீழ்க்கை கேட்டால், தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியால் தொட்டு ஒரு துளி. பெட்டியோடு வந்த ஆங்கிலத் துண்டுத்தாளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அதிலும் மெல்லிய எண்ணெய், ஒரு துளி என்றுதான் இருந்தது. இராமநாதபுரத்துக் கடையும் வெளிநாட்டுச் சங்கமும் ஒரே கருத்து. அவளுக்கு அதில் ஒரு பெருமை.

வேலை முடிய மதியம் திரும்பிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டாள். சோபனா முதல் யோயோவைக் கீழே விட்டாள். அது இறங்கிற்று. சுழன்றது. சத்தமே இல்லாமல், ஒரு ஆட்டமும் இல்லாமல், கண்ணாடித் துண்டு நிற்பது போல நின்று சுழன்றது. எல்லாரும் "ஆ!" என்றார்கள். சோபனா கையைச் சுண்டினாள். அது மேலே வரவில்லை. இன்னொருமுறை சுண்டினாள். கீழேயே சுழன்றது. சுழன்று ஓய்ந்து, நூலில் செத்த எலி போலத் தொங்கியது.

இருபத்துநான்கும் அப்படியே. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"அம்மா, பழுதாக்கிப்போட்டியள்!" சோபனாவின் கண் கலங்கிவிட்டது. "முந்தி கரகரவெண்டாலும் மேல வந்தது!"

வேலிக்கு அப்பால் பஸ்ரியன் காத்திருந்தவர் போலச் சொன்னார்: "இந்தியாவில படிச்ச இஞ்சினியர் அம்மா, கும்பிடுறன். அரசாங்கக் கச்சேரிக்குக் குடுத்த கடிதம் மாதிரியெல்லோ ஆக்கிப்போட்டாய். போகும், சுத்தும், திரும்பி வராது."

நிறஞ்சலா அழவில்லை, கோபித்தாள். கோபம் அவளுக்கு யோசிக்க உதவுகிற ஒன்று. மோட்டாரில் பேரிங் எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு நல்லது. யோயோவில் அப்படி இல்லை. பேரிங் மிகவும் வழுக்கினால், சுண்டுகிறபோது நூல் உடலைப் பிடிக்காது. உடல் தன்பாட்டுக்குச் சுழலும். கொஞ்சம் பிடிப்பு இருந்தால்தான் நூல் சுற்றி ஏறும். வெளிநாட்டுத் துண்டுத்தாள் வித்தை தெரிந்த ஆட்டக்காரர்களுக்கு எழுதினது. அவர்களுக்கு வேறு தந்திரம் இருக்கும். சங்குமுனைப் பிள்ளைகளுக்கு எழுதினது இல்லை. எழுதினவர்களுக்குச் சங்குமுனை என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது.

அப்படியானால் தடித்த எண்ணெய் வேண்டும். எவ்வளவு? அதை யாரும் வானத்திலிருந்து சொல்லப்போவதில்லை. ஆறு யோயோவை எடுத்து மறுபடி கழுவினாள். ஒன்றுக்கு ஒரு துளி சுறா எண்ணெய், துணியில் வடித்தது. ஒன்றுக்கு இரண்டு துளி. ஒன்றுக்குப் படகு எஞ்சினுக்குப் போடுகிற கிறீஸ். ஒன்றுக்கு மெஷின் எண்ணெயும் சுறா எண்ணெயும் பாதி பாதி. ஒன்றுக்கு, மார்த்தா முகம் வாடக்கூடாதென்று, கோயில் விளக்கின் எண்ணெய். ஆறாவதை ஒன்றும் விடாமல் ஒப்புப் பார்க்க வைத்தாள். எல்லாவற்றிலும் எண் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் இருபது தரம் விடச்சொல்லி, எத்தனை தரம் திரும்பி வந்தது என்று கொட்டில் சுவரில் கரியால் குறித்தாள். முதற்பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு அன்று அங்கே கணக்குப் பாடம் நடந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு துளி, வடித்த சுறா எண்ணெய்: இருபதுக்குப் பத்தொன்பது.

"பாத்தியோ!" என்றார் பஸ்ரியன். "நான் அண்டைக்கே சொன்னனான்."

"நீங்கள் விட்டது ஒரு கரண்டி மாமா. சரியான சாமானைப் பிழையான அளவில விட்டியள்."

"சாமான் சரி எண்டு ஒத்துக்கொண்டாய்தானே? அது காணும்."

"அந்தோனியாரிட்ட நேத்தி வைச்சனான். அதுதான் சரிவந்தது," என்றாள் மார்த்தா.

"மாமி, உங்கட எண்ணெய் அஞ்சாம் நம்பர். இருபதுக்கு நாலு."

"அவர் எண்ணெயில மட்டுமே இருக்கிறார்?"

இப்படியான பேச்சுக்கு எந்தச் சோதனையாலும் பதில் கொடுக்க முடியாது. அதனால்தான் அது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

அதன்பிறகு சனிக்கிழமைகள் பேரிங்குக்கு என்றாகிவிட்டன. கழற்று, கழுவு, காயவை, ஒரு துளி விடு, பூட்டு. உப்புக்காற்று ஆறு நாளில் மறுபடி உள்ளே புகுந்துவிடும். பெற்றோல் பட்டு அவள் விரல் நுனிகள் வெடித்தன. அந்த வெடிப்போடு ஞாயிற்றுக்கிழமை விடியக் கிணற்றுக் கயிற்றைப் பிடித்தாள். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு முழு நாள் உழைத்துவிட்டு, குடிக்கிற தண்ணீருக்கு நான்கு கிலோமீற்றர் போய்வருகிற வாழ்க்கை எந்த மூளையில் உதித்தது? யாராவது ஒருவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அவனுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு முதல்நாள் பின்னேரம் சுபாஜினி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தாள்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். கோபிக்கக்கூடாது."

"சொல்லுங்கோ."

"ரெண்டாம் கட்டத்தில தாங்கி இல்லை. மேலிடத்தில வெட்டிப்போட்டினம். தண்ணி எங்கட பிரிவில்லையாம். நாங்கள் மன ஆறுதல் மட்டும்தானாம்."

"எப்ப வெட்டினவை?"

சுபாஜினி தலையைக் குனிந்தாள். "யோயோ வர முந்தியே."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒரு மாதமாத் தெரியும். சொன்னால் நீங்கள் யோயோவை எறிஞ்சுபோடுவியள் எண்டு பயந்தனான். நாளைக்கு வீடியோ வராட்டில் என்ர வேலையும் போகும் அக்கா."

நிறஞ்சலா அவளைத் திட்ட வாய் திறந்தாள். திட்டவேண்டியவர்கள் ஒருநாளும் ஸ்கூட்டியில் வரமாட்டார்கள்.

"போங்கோ தங்கச்சி. நாளைக்கு வாங்கோ," என்றாள்.

கொட்டிலுக்குள் போய் இருபத்துநான்கு யோயோவையும் வரிசையாக அடுக்கினாள். விடிவதற்குள் எல்லாவற்றையும் பெற்றோலில் கழுவிவிடலாம். ஒரு துளி விடாமல் பூட்டிவிடலாம். நாளைக்கு அந்தச் சேர் தன் வீடியோவில் இருபத்துநான்கு செத்த எலிகளைப் படம் பிடிக்கட்டும். போத்தலைத் திறந்தும்விட்டாள்.

பெற்றோல் மணத்துக்குச் சோபனா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"தாங்கி இல்லையெண்டால் எனக்கும் கோபம்தான் அம்மா. ஆனா நாங்கள் பழகினனாங்கள். நான் நூறுதரம் விடுவன், ஒருக்காலும் விழாது. நாளைக்கு விழுந்தால் அந்த ஆள் எங்களைத்தானே சிரிப்பார்?"

நிறஞ்சலா போத்தலை மூடினாள். பிள்ளைகளின் சிரிப்பைக் காட்டி அவர்கள் காரியம் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் தோல்வியைக் காட்டி அவள் காரியம் பார்த்தால் என்ன வித்தியாசம்? இருபத்துமூன்று பேரிங்குக்கு வழக்கமான ஒரு துளி விட்டாள். ஒன்றை மட்டும் நான்கு தரம் கழுவினாள்.

மறுநாள் பத்து மணிக்கு வெள்ளை வாகனம் வந்தது. மதிப்பீட்டாளர் றொகான் கொழும்புக்காரர், நல்ல தமிழ் பேசினார், சிரித்த முகம். பிள்ளைகள் வரிசையில் நின்று யோயோவைக் கீழே விட்டார்கள். இருபத்துமூன்று யோயோ இறங்கி இருபத்துமூன்றும் ஏறின. சோபனா நாயை நடத்துவது போல யோயோவை மணலில் ஓடவிட்டுக் கைக்கு எடுத்தாள். றொகான் முழங்கால் மடித்துக் குந்தியிருந்து படம் எடுத்தார்.

"அருமை! இவ்வளவு நல்லாப் பராமரிச்ச இடத்தை நான் காணேல்லை. மற்ற ஊரில எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்குது. எனக்கும் ஒண்டு தாங்கோ, விட்டுப் பாப்பம்."

நிறஞ்சலா இருபத்துநான்காவதைக் கொடுத்தாள்.

அவர் விட்டார். அது இறங்கி, சத்தமில்லாமல் நின்று சுழன்றது. "ஓ, வடிவா நிக்குது!" என்றார். சுண்டினார். வரவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினார். தோளையும் சேர்த்துச் சுண்டினார். பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள். பஸ்ரியன் பொத்தவில்லை.

"இது ஏன் திரும்பி வருகுதில்லை?" என்று கேட்டார் றொகான்.

"எண்ணெய் விடேல்லை சேர். அது எனக்கு விளங்கின விஷயம். விளங்காதது ஒண்டு இருக்குது. நாங்கள் தாங்கி கேட்டு மூண்டு கடிதம் விட்டனாங்கள். அதுவும் உங்கட கந்தோரில நிண்டு சுத்துது. அதுக்கு எத்தினை துளி விடவேணும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

சுபாஜினி நிலத்தைப் பார்த்தாள். றொகானின் சிரிப்பு நின்றது. யோயோவைத் தூக்கிப் பார்த்தார். அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"நீங்கள் சொல்லுறது விளங்குது," என்றார். "ஆனா தண்ணி எங்கட பிரிவில்லை."

"இந்தப் பிள்ளை கணக்குப் படிக்கிறது ஆரின்ர பிரிவு சேர்?"

"நான் அறிக்கையில எழுதுறன்."

எழுதினார். அது பொய்யில்லை, அவர் கொப்பியை எடுத்து எழுதியதை எல்லாரும் கண்டார்கள். சுபாஜினியின் வேலையும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பொதி வந்தது. உள்ளே இருபத்துநான்கு சின்னப் போத்தல். கூடவே ஒரு கடிதம்: 'தங்கள் நிலையத்தில் ஒரு யோயோவுக்கு எண்ணெய் போதாமல் இருப்பதாக மதிப்பீட்டறிக்கையில் குறிப்பிடப்பட்டுள்ளதால், யோயோப் பேரிங்குக்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய் இத்துடன் அனுப்பப்படுகிறது.'

நிறஞ்சலா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். போத்தல் ஒன்றைத் திறந்து விரலில் தொட்டு உரசிப் பார்த்தாள். மெல்லிய எண்ணெய். அதுவும் பிழை.

அடுத்த நாள் விடிய, வரிசையில் அவள் முறை வந்தபோது, இருபத்துநான்கு போத்தலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றுக் கப்பியின் அச்சில் ஊற்றினாள். கப்பி கிரீச்சிடுவதை நிறுத்தியது. பின்னால் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "என்னத்துக்குத் தட்டுறியள்? தூரம் குறைஞ்சதோ?" என்று கேட்டாள். கைதட்டல் நின்றது. அவள் கேட்டது சரி. சத்தமில்லாத கப்பி இரண்டு கிலோமீற்றரை ஒரு முழமும் குறைக்காது. இப்படிச் சமாளிக்கிற மனிதர்களைப் பார்த்து, 'எவ்வளவு மனவுறுதி' என்று எழுதிவிட்டு வாகனம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சமாளிக்கவேண்டி வந்ததை யாரும் குற்றமாக எழுதுவதில்லை.

வீட்டுக்கு வந்து நான்காவது கடிதம் எழுதினாள். இந்தமுறை புன்னகைப் பாலத்துக்கும், அவர்களுக்கு மேலே இருக்கிறவர்களுக்கும், அவர்களுக்கும் மேலே இருக்கிறவர்களுக்கும் என்று மூன்று பிரதி. சோபனாவின் வருகை இடாப்புப் பக்கத்தைப் படியெடுத்து இணைத்தாள். கடித உறையை ஒட்டியபிறகு பஸ்ரியனிடம் போய்ச் சுறா எண்ணெய் கேட்டாள். அவர் வழக்கம்போலக் கரண்டியை எடுத்தார்.

"ஒரு துளி காணும் மாமா."

"கந்தோர்க்காரருக்கு ஒரு துளி காணாது பிள்ளை. இந்தா, கரண்டியோட பிடி."

இந்தமுறை அவள் அளவைப் பற்றி வாதாடவில்லை. மூன்று உறையின் மடிப்பிலும் தாராளமாகத் தேய்த்தாள்.

மறுநாள் காலை தபால் கந்தோரில் பதிவுத் தபாலுக்கு நீட்டியபோது எழுதுவினைஞர் மூக்கைப் பிடித்தார்.

"என்ன இது, மணக்குது?"

"சுறா எண்ணெய்."

"கடிதத்துக்கு ஆரும் எண்ணெய் பூசுவினமோ?"

"பதில் திரும்பி வரவேணும் சேர். அதுதான்."

அவர் உறைகளை இரண்டு விரலால் தூக்கி முத்திரை குத்தி, மற்றக் கடிதங்களில் படாமல் தனியாக ஒரு மூலையில் வைத்தார். நிறஞ்சலா மூன்று ரசீதையும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. முதற்பாடம் முடிந்த மணி. படலையடியில் சோபனா, கால் முழுக்க மணலோடு, அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.